எட்டு வட்டம்

“மெதுவா இறக்குங்கண்ணா. கை நடுங்கிச்சின்னா ஒரு உசிரு போயிடும்.”

பிரபாகரனின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. பட்டறைக்காரர் கலியமூர்த்தி சுழலும் கத்தியை மயிரிழை மயிரிழையாகக் கீழே இறக்கினார்.

கிறீச்சென்று சத்தம். கத்தி அலுமினியத் தகட்டைக் கவ்வியது.

போகக்கூடிய உயிர் பிரபாகரனுடையதுதான். மரக்காணத்தில், மாமனாரின் உப்புக் கொட்டகைக்குள், சொந்தமாக ஒரு குட்டி விமானம் கட்டிக்கொண்டிருந்தான். இறக்கையின் கனம் குறைய, உள்ளே வைக்கும் தகட்டில் பெரிய பெரிய ஓட்டைகள் வேண்டும். விளிம்பில் ஒரு பிசிறு இருந்தாலும், பறக்கும்போது அங்கிருந்து விரிசல் ஓடும்.

“மாமனார் கெடு குடுத்துட்டாராமே சார்?”

“தை பொறந்தா கொட்டாய்ல உப்பு ரொப்பணுமாம். அதுக்குள்ள ப்ளேன் பறக்கலேன்னா அதுல கோழி அடைக்கப் போறேன்றாரு. பெங்களூர்லேருந்து வந்த தகடு இது ஒண்ணுதாண்ணா. எட்டு வட்டமும் சுத்தமா வரணும்.”

“கூனிமேட்டு பிரியாணி பாயைக் கேட்டுப் பாருங்க. அவரு அண்டாவுக்கெல்லாம் மூடி நம்ம கை வெட்டுனதுதான்.”

வெட்டிய துண்டு டங்கென்று கீழே விழுந்தது. பிரபாகரன் ஓட்டைக்குள் விரலை விட்டுச் சுற்றித் தடவினான். வெண்ணெய். கலியமூர்த்தி துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எப்டி சார்?”

“தங்கம்ணா. இதே மாதிரி மீதி ஏழும்.”

செல்போன் அலறியது. மனைவி பிரியதர்ஷினி.

“எங்கப்பா டேப்பை எடுத்தாந்து கொட்டாயை அளந்துக்கினு இருக்காரு. வர்றியா, இல்ல ரெக்கையை நானே கழட்டி வெளில வைக்கட்டா?”

ஓடினான்.

மாமனார் காலில் விழாத குறையாகப் மாசி வரை தவணை வாங்கிக்கொண்டு, சாயங்காலம் பட்டறைக்குத் திரும்பினான். கலியமூர்த்தி ஒரு துணி மூட்டையைப் பெருமையாக அவிழ்த்தார். எட்டு அலுமினிய வட்டங்கள், முகம் பார்க்கலாம் போல.

“அரம் போட்டு, உப்புத்தாள் தேய்ச்சிருக்கேன் சார். பச்சக் கொழந்த கையில குடுக்கலாம், கிழிக்காது.”

“அடடா, இதையும் பத்திரமா வச்சிருக்கீங்களே. தகடு எங்கண்ணா?”

கலியமூர்த்தி விழித்தார்.

“அந்த ஓட்டைத் தகடா? நறுக்கிக் காயலாங்கடையில போட்டுட்டேனே சார்.”