தேவாங்கு வீட்டுச் சம்பந்தம்

பஜ்ஜிக்குக் கை நீட்டிய அவசரத்தில் இளவழுதி கூடையை மூட மறந்தான். அவன் வளர்த்த தேவாங்கு, பெண் வீட்டார் வளர்த்த அந்துப்பூச்சியை ஒரே வாயில் விழுங்கிவிட்டது. வீட்டுக்கோர் அருகிவரும் உயிர் என்று சட்டம் வந்தபின், பெண் பார்க்க அதையும் தூக்கிக்கொண்டு போவதுதான் முறை.

"உங்க தேவாங்கு உசத்தி, எங்க பூச்சி இளப்பமா?" என்று எகிறினார் பெண்ணின் அப்பா.

"ரெண்டும் உலகத்துல கொஞ்சம்தானே மாமா..."

"யாருய்யா மாமா?"

சம்பந்தம் போச்சு, புகார் கொடுத்தால் தேவாங்கும் போச்சு என்று இளவழுதி தேவாங்கைக் கூடைக்குள் தள்ளி மூடினான்.

அவன் பார்க்க வந்த பெண் நறுமுகை திரைச்சீலையைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கமெல்லாம் கடுகு கடுகாய் முட்டைகள்.

"பூச்சி நேத்தே போட்டுருச்சுப்பா. முட்டை போட்டா அது ஒருநாள்தான் தாங்கும்."

இளவழுதியின் கைகள் திரைச்சீலையைப் பார்த்துத் தாமாகவே குவிந்தன. "அப்போ... நம்ம விஷயம்?"

"சம்மதம். கூடையை மட்டும் இனிமே நான்தான் மூடுவேன்."