அரையடியில் நின்றவன்

"ஏன் நின்னே?"

கோச் ரஸ்னக் ரிமோட்டை அழுத்த, டி.வி.யில் படம் அப்படியே நின்றது.

திரையில் நாற்பத்து நாலாம் நம்பர் சட்டை. கீஷான் பெட்டவேதான். மிசிசிப்பியில் ஒரு சின்னக் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் லைன்பேக்கர். எதிரணியில் பந்து யார் கையில் இருந்தாலும் பாய்ந்துபோய் முட்டிச் சாய்ப்பதுதான் லைன்பேக்கரின் வேலை. படத்திலிருந்த கீஷானோ, எறிவதற்காகப் பந்தோடு நின்ற எதிரணி குவார்ட்டர்பேக்குக்கு அரையடி முன்னால் பிரேக் போட்ட பஸ் மாதிரி நின்றிருந்தான்.

அடுத்து நடந்தது அறையிலிருந்த எல்லோருக்கும் தெரியும். அந்தக் குவார்ட்டர்பேக் குத்துமதிப்பாகப் பந்தை எறிந்தான். அது அவன் ஆள் எவன் கையிலோ விழுந்து, கீஷானின் கல்லூரி தோற்றது.

தொழில்முறை அணிகளின் கோச்சுகள் கல்லூரிப் பையன்களை இண்டியானாபோலிஸுக்கு வரவழைத்து இப்படித்தான் வறுத்தெடுப்பார்கள். நன்றாக ஆடிய ஆட்டத்தையெல்லாம் விட்டுவிட்டு, சொதப்பியதை மட்டும் தேடிப் பிடித்துப் போட்டுக் காட்டுவார்கள். நேரம் முடிந்து ஹாரன் அடிக்கும்வரை தப்பிக்க வழியில்லை.

லிஃப்டில் வரும்போதே அவனுடைய ஏஜென்ட் மார்லன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். "அதைத்தான் போடுவாங்க. வழுக்கிருச்சுன்னு சொல்லு. உண்மையைச் சொல்லித் தொலைச்சிடாதே. உன்னைப் பாக்கணும்னு கேட்டது இந்த ஒரு டீம்தான்டா!"

ஊரில் அம்மா வேறு. ஏப்ரலில் அணிகள் ஆளெடுக்கும் நாளில் டி.வி.யில் மகன் பேர் வருவதைப் பார்க்க, சர்ச்சில் ஒருவர் பாக்கியில்லாமல் கெளுத்தி மீன் வறுவலுக்கு இப்போதே அழைத்துவிட்டாள். பேர் வராமல் போனால் அத்தனை பேர் முன்னால் அவள் முகம் என்ன ஆகும்?

"வழுக்கிருச்சு, சார்."

கோச் படத்தைப் பின்னால் ஓட்டினார். "புல்லு ஒண்ணுகூடக் கலையலையே. மறுபடி சொல்லு."

"விசில் சத்தம் கேட்ட மாதிரி இருந்துச்சு, சார்."

சோபாவில் இருந்த உதவிக் கோச் வாய்விட்டுச் சிரித்தார். "விசிலா? ரெஃப்ரி வாயில விசிலே இல்லையேப்பா!"

கோச் மூன்றாவது முறை ஓட்டினார். "பயந்துட்டியா தம்பி?"

அந்த வார்த்தைதான் சுருக்கென்று தைத்தது. மார்லன் சொல்லிக் கொடுத்ததெல்லாம் பறந்துவிட்டது.

"பயமெல்லாம் இல்ல சார். அதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அந்தக் குவார்ட்டர்பேக்கோட தலை தரையில மோதுச்சு. எழுந்திரிச்சு எங்க கூட்டத்துல வந்து நின்னுட்டான். நாங்கதான் அவன் டீமுன்னு நெனைச்சுக்கிட்டான். எங்க பசங்க சிரிச்சாங்க. எனக்குச் சிரிப்பு வரல."

"சரி, அப்புறம்?"

"கிட்டப் போய்ப் பாத்தா அவன் கண்ணு ரெண்டும் எங்கேயோ பாத்துட்டு இருந்துச்சு. நான் இடிச்சா இவன் எழுந்திரிக்கவே மாட்டான்னு தோணிச்சு. கால் தானா நின்னுருச்சு, சார்."

கோச் ரிமோட்டைக் கீழே வைத்தார்.

"அதைப் பாக்க டாக்டர் இருக்காரு, ரெஃப்ரி இருக்காரு. உன் வேலை என்ன?"

"சாய்க்கறது, சார்."

"சாய்ச்சியா?"

"இல்ல, சார்."

"பாவம் பாக்கறதுக்குன்னு சர்ச் இருக்கு தம்பி," என்றார் உதவிக் கோச். "இது ஃபுட்பால்."

ஹாரன் அடித்தது.

வெளியே காத்திருந்த மார்லன் ஓடி வந்தான். "வழுக்கிருச்சுன்னு சொன்னேல்ல?"

"உண்மையைச் சொல்லிட்டேன்."

மார்லன் தலையில் கைவைத்துக்கொண்டு, யாருக்கோ போன் போட்டபடி லிஃப்ட் பக்கம் போனான். அதே நேரம் கீஷானின் போனும் அடித்தது. அம்மா.

"கண்ணு, பாஸ்டர் அவர் மச்சினர் குடும்பத்தையும் கூட்டிட்டு வர்றாராம்டா. மீனு பத்துமா?"

"பாத்துக்கலாம்மா." அதற்கு மேல் பேசினால் அழுதுவிடுவோம் என்று போனை வைத்துவிட்டான்.

திரும்பினால் கோச் ரஸ்னக் நின்றிருந்தார். தனியாக. தாழ்வாரத்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, சட்டென்று அவனுடைய இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். உள்ளே உருட்டி மிரட்டிய அந்தக் கண்களில் தண்ணீர் நின்றது.

"அந்தக் குவார்ட்டர்பேக் என் தங்கச்சி மகன், தம்பி."

கோச் குரலைத் தாழ்த்தினார்.

"மூளையில ரத்தம் கசிஞ்சிருந்துச்சு. இன்னும் ஒரு இடி விழுந்திருந்தா ஆளே இல்லைன்னு டாக்டர் சொன்னாரு. நீ வேணும்னேதான் நின்னியான்னு எனக்குத் தெரிஞ்சாகணும். அதுக்குத்தான் திரும்பத் திரும்பக் கேட்டேன். இப்ப நல்லா இருக்கான். தினமும் உன் பேரைச் சொல்லித்தான் என் தங்கச்சி ஜெபம் பண்றா."

கீஷானின் கண் முன்னால் அம்மாவின் வாசலும், மீன் வறுபடும் வாசனையும், டி.வி.யில் அவன் பேரும் ஒன்றாகத் தோன்றின.

"அப்ப... ஏப்ரல்ல என்னை எடுத்துப்பீங்களா, சார்?"

கோச் கைகளை விட்டுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவன் தோளில் ஆசையாகத் தட்டிக் கொடுத்தார்.

"அது எப்படி தம்பி முடியும்? உன்ன மாதிரி ஆளு எதிர் டீம்லதான் இருக்கணும்."