பெண்பிள்ளைகள் வாசல்

“சுட்டர், அப்பொலோனியா,” என்று பட்டியலைப் பார்த்துக் கூப்பிட்டார் அலுவலர்.

ரொட்டிக்கடை அப்பொலோனியா எழுந்தாள். அவளுக்குப் பின் மொராண். அவருக்குப் பின் நான். இசட் எழுத்தில் தொடங்கும் என் குடும்பப் பெயர்தான் அகர வரிசையில் ஊரின் கடைசி.

எங்கள் பள்ளிக்கூடத்துக்கு இரண்டு வாசல். ஆண்பிள்ளைகள் வாசல் வழியாக வெளியேறினால் ஜெர்மனி. பெண்பிள்ளைகள் வாசல் என்றால் பிரான்ஸ். ஓட்டுப் பெட்டி வைத்திருந்த காலத்தில் யாரோ சீட்டுகளை மாற்றிவிட்டார்கள். அதனால் இப்போது ஆட்களையே எண்ணுகிறார்கள், வீட்டுக்கு ஒருவர். வெளியே முற்றத்தின் நடுவே கயிறு கட்டியிருந்தது.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இது நடக்கும். சண்டை போட்டு அலுத்துப்போன பாரிசும் பெர்லினும், எந்த நாடு என்று ஒவ்வோர் ஊரும் தானே சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டன. எல்லை அதன்படி நகரும். நான் பாடம் நடத்தும் இந்த அறையில் ஒரே ஆணியில் இரண்டு வரைபடங்கள் தொங்குகின்றன. எது முன்னால் என்பதுதான் மாறும்.

ஓடைக்கு அந்தப் பக்கம் கிர்ஷ்பாக். போன ஞாயிறு அவர்கள் ஜெர்மனி என்று சொல்லிவிட்டார்கள்.

என் மனைவி சலோமே அங்கேதான் இருக்கிறாள்.

மார்ச்சில் மூன்று நாள் காய்ச்சல். அவள் லுத்தரன் சபை, நாங்கள் கத்தோலிக்கர். எங்கள் ஊரான ஓபர்மாட்டின் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை என்றார் எங்கள் பங்குச் சாமியார். இடம் இருந்தது. அவள் பிறந்த ஊருக்கே பாலத்தைத் தாண்டித் தூக்கிக்கொண்டு போனோம்.

இன்று ஓபர்மாட் பிரான்ஸ் என்று சொன்னால் ஓடைதான் எல்லை. கல்லறைத் திருநாளன்று மட்டும் அந்தப் பக்கம் போக அனுமதிச் சீட்டு தருவார்கள். வருடத்துக்கு ஒரு நாள்.

ஊருக்கு இது தெரியும். பள்ளி விட்டதும் நான் தினமும் பாலத்தைத் தாண்டுவதை ஊர் பார்க்கிறது. நான் வந்தால் வண்டிகள்கூட ஒதுங்கி நிற்கும்.

அப்பொலோனியா ஆண்பிள்ளைகள் வாசலை நோக்கித் திரும்பினாள். அலுவலர் நிமிர்ந்து பார்த்தார். அவள் மகன் பாரிசில் வேலை செய்கிறான்.

“அது சின்ன வாசல், அப்பொலோனி. பக்கவாட்டுல போ, மாட்டிக்குவ,” என்றார் மொராண்.

“உன் வாயே நுழையுற வாசல்ல நான் நுழையமாட்டேனா?”

போகும்போது என் தோளில் கை வைத்தாள். கையில் மாவு வாசம். அழுத்தமாக வைத்தாள்.

“வெக்கர், மொராண்.”

மொராணின் அண்ணனைப் போரின்போது ஜெர்மன் சிப்பாய்கள் அவருடைய திராட்சைத் தோட்டத்திலேயே வைத்துச் சுட்டார்கள். அன்றிலிருந்து மொராண் ஒரு ஜெர்மன் வார்த்தை பேசியதில்லை. நாயைத் திட்டுவதும் பிரெஞ்சில்தான்.

அவர் ஆண்பிள்ளைகள் வாசலில் போய் நின்றார். கதவைத் திறக்காமல் என்னைப் பார்த்தார்.

“எங்கப்பன் இருந்திருந்தா மரச்செருப்பாலயே அடிச்சிருப்பான், வாத்தியாரே. உங்களுக்காகத்தான்.”

கதவு சாத்திக்கொண்டது.

அறையில் அலுவலரும் நானும் மட்டும். அவர் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பார்க்காமலே எனக்கும் கணக்கு தெரியும். அறுபத்தோரு வீடு. ஜெர்மனிப் பக்கம் முப்பது, பிரான்ஸ் பக்கம் முப்பது.

“ட்சூபர், தீபோல்ட்.”

பெண்பிள்ளைகள் வாசலின் தாழ்ப்பாள் இறுகியிருந்தது. இரண்டு முறை இழுக்க வேண்டியிருந்தது.

வெளியே அக்டோபர் வெயில். புதுத் திராட்சைரசம் நுரைக்கும் வாசம். இந்தப் பக்கம் நின்ற முப்பது பேரும் என்னைப் பார்த்து ஒதுங்கினார்கள். ஒருவரும் கை தட்டவில்லை.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் மொராண் தொப்பியைக் கழற்றினார்.

“ஐயா, எழுதிடாதீங்க!” அலுவலரைப் பார்த்துக் கத்தினார். “வாத்தியார் வாசல் மாறி வந்துட்டாரு. பொண்டாட்டி போனதுலேர்ந்து அவருக்கு நெனப்பே இல்ல.”

“ஆமாங்கய்யா, பாவம்,” என்றாள் அப்பொலோனியா. “தினம் அங்க போய்ட்டு வர்ற மனுஷன்.”

அலுவலர் படியில் நின்றார். பென்சில் இன்னும் தாளைத் தொடவில்லை.

“மாறி வந்துட்டீங்களா, வாத்தியாரய்யா? சொல்லுங்க, திரும்பிப் போகலாம்.”

மொராண் எனக்காகத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். ஆமாம் என்று நான் சொல்வதற்குச் சொல்லிக்கொடுப்பது போல.

“இல்ல,” என்றேன். “தெரிஞ்சுதான் வந்தேன்.”

பென்சில் தாளில் ஒரு கோடு போட்டது.

மொராண் தொப்பியை மறுபடி போட்டுக்கொள்ளவில்லை. தான் நின்ற பக்கத்தைப் பார்த்தார். சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

ஏழு மாதம். தினமும் அவள் கல்லறைக் கல்லுக்கு முன்னால் நின்றேன். ஒரு சொட்டுக் கண்ணீர் வந்ததில்லை. அவள் முகம்கூட நினைவுக்கு வந்ததில்லை. கிர்ஷ்பாக் கோயில் மணி கால் மணிக்கு ஒருமுறை அடிக்கும். அது அடித்தால் திரும்பிவிடலாம். அதற்குள் திரும்பினால் ஊர் என்ன நினைக்கும் என்று நின்றேன். மணிக்காகத்தான் நின்றேன்.

நாளையிலிருந்து பாலத்தில் ஒரு சிப்பாய் நிற்பான். துப்பாக்கியைக் குறுக்கே நீட்டுவான்.

போகாதே என்று என்னிடம் சொல்ல எனக்கு யாராவது ஒருவர் வேண்டியிருந்தது.