சன்னாசி நேர்ந்துவிட்ட ஆடு

கருப்பசாமி கோயில் வேப்பமரத்தில் ஓர் ஆட்டையும் ஒரு சேவலையும் கட்டிப்போட்டிருந்தார்கள். இரண்டும் பலிக்கு வந்தவை.

"உன்னை யாரு நேர்ந்துவிட்டது?" என்றது சேவல்.

"சன்னாசி. என்னைத் திருடினவனும் அவன்தான். மாட்டிக்காம இருந்தா என்னையே வெட்டுறதா வேண்டிக்கிட்டான்."

சேவலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "திருடனுக்கு வரம், உனக்கு அரிவாளா? எத்தனை குடம் தண்ணி ஊத்தினாலும் அசையாம நிக்குது பாரு, அந்தக் கல்லா உனக்கு நியாயம் கேக்கப்போகுது?"

"கேக்கும்," என்றது ஆடு, சிலையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.

பூசாரி வந்து ஆட்டின் தலையில் மஞ்சள் தண்ணீரை ஊற்றினார். ஆடு உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் வெட்டு. ஆடு சிலுப்பவில்லை. இன்னொரு குடம் ஊற்றினார். காதுக்குள் தண்ணீர் புகுந்து குறுகுறுத்தது. அப்போதும் ஆடு அசையவில்லை.

"சாமி ஏத்துக்கலையேப்பா," என்று பூசாரி சன்னாசியின் பக்கம் திரும்பினார். "என்ன குத்தம் செஞ்சே?"

ஆட்டுக்கும் சேர்த்து சன்னாசி நடுங்கினான். "ஆடு என்னுது இல்ல சாமி! மேலத்தெரு பேச்சியம்மா ஆடு!" என்று நெடுஞ்சாண்கிடையாக விழுந்தான்.

ஆட்டை அவிழ்த்துவிட்டார்கள்.

"எப்படி அசையாம நின்னே?" என்று கேட்டது சேவல்.

"சாமியைப் பார்த்துத்தான் கத்துக்கிட்டேன்," என்ற ஆடு, கோயிலைத் தாண்டியதும் ஆசை தீர ஒரு சிலுப்பு சிலுப்பியது.

பூசாரி அடுத்த குடத்தை எடுத்தார். சேவல் அவசரமாகச் சிலையின் பக்கம் திரும்பி, கண்ணை எடுக்காமல் பார்க்க ஆரம்பித்தது.