உட்காரும் உரிமை

ஜவுளிக்கடை ஊழியர்களுக்கு உட்காரும் உரிமை கிடைத்தபோது எங்கள் கடையிலும் ஒவ்வொரு மாடிக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். நல்ல மெத்தை நாற்காலி. உட்கார்ந்தது யாரென்று அடியில் இருக்கும் கருவியே கண்டுபிடித்துவிடும். அவர் எழுந்திருக்கும் வரை அவருடைய சம்பளம் ஓடாது. குறைந்தபட்சக் கூலி நிற்கிறவர்களுக்குத்தான் என்று முதலாளி பொறுமையாக விளக்கினார். மெத்தை இன்னும் புதுசாகவே இருக்கிறது.

பட்டுப் பிரிவில் இருக்கும் சங்கரவடிவு ஒன்பது மாசமும் நின்றபடியே சுமந்தாள். நேற்று அவளுக்கு வளைகாப்பு. கடையிலிருந்து எல்லோரும் போயிருந்தோம்.

பூச்சுற்றிய நாற்காலியைப் போட்டு, "உக்காருட்டி" என்றாள் அவள் புருஷனின் அக்கா.

வடிவு குனிந்து நாற்காலியின் அடியில் பார்த்தாள்.

"என்னட்டி தேடுத?"

"ஒண்ணுமில்ல மதினி. நின்னுக்கிடுதேன். பழகிட்டு."

"ஏட்டி, இது நம்ம வீட்டு நாற்காலி. ஓசி!"

எல்லோரும் சிரித்தோம். அவளும் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். முதல் வளையல் ஏறுவதற்குள் எழுந்துவிட்டாள். தோளை அழுத்தி மறுபடி உட்கார வைத்தார்கள். நெற்றியெல்லாம் வியர்க்க, மறுபடி எழுந்தாள். கடைசியில் நிற்க வைத்தே வளையல் போட்டார்கள்.

கிளம்பும்போது மதினி எங்களிடம் புலம்பினாள். "பிள்ளை இன்னும் தலை திரும்பல. உள்ள உக்காந்த வாக்குலயே இருக்காம். ஆபரேஷன்தான்னு டாக்டர் சொல்லிட்டாரு."

வடிவு வயிற்றைத் தடவிக்கொண்டாள்.

"உக்காந்திருக்கட்டும் மதினி. வெளிய வந்தா முடியாதுல்லா."