பழைய மாணவர் மட்ச்

"அண்ணை, சனிக்கிழமை எனக்கு ஷிப்ட். மட்சுக்கு வர ஏலாது."

சொல்லிவிட்டுத் தேநீரை நீட்டினான் தனோஜன். தியாகலிங்கம் வாங்கவில்லை. யாழ்ப்பாணத்தில் இருவரும் படித்தது ஒரே காலேஜ். அதன் ஆக்லாந்து பழைய மாணவர் சங்கத்துக்கு அவர்தான் தலைவர். எதிர்க் காலேஜின் பழைய மாணவர்களோடு வருடம் ஒருமுறை கிரிக்கெட் மட்ச். 1997ஆம் ஆண்டு மட்சுக்கு இன்னும் ஆறே நாள்.

"தம்பி, நீர் இந்த வருசம்தான் இஞ்ச வந்தனீர். உம்மட பந்தை நம்பித்தான் நாங்கள் இறங்கிறம். நீர் வராட்டி காலேஜ் மானம் கப்பலேறிப் போகும்."

"மானம் ரென்ட் கட்டுமே அண்ணை? ஒரு நாள் விட்டா அம்பது டொலர் போகும். மற்றக் காலேஜ் பொடியளுக்கு ஆரோ காசு குடுத்து இறக்கினமாம். போன வருசமும் குடுத்தவையாம்."

தியாகலிங்கத்தின் முகம் சுருங்கியது.

"காசு வாங்கி விளையாடினா அது காலேஜ் மட்சே? கூலி வேலை! எங்கட காலேஜ் எங்களை அப்பிடியே வளர்த்தது?"

நல்ல பேச்சு. மேடையில் என்றால் கைதட்டல் பிய்த்துக்கொண்டு போயிருக்கும். தனோஜனோ சுவரில் ஒட்டியிருந்த பேக்கரி ஷிப்ட் அட்டவணையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தியாகலிங்கம் வாசலை ஒருதரம் எட்டிப் பார்த்தார். பிறகு ஐம்பது டொலர் தாள் ஒன்றை எடுத்து அவன் கையில் திணித்தார்.

"இது சம்பளம் இல்லை. ஷிப்ட் விடுறதுக்கு ஒரு ஈடு. உமக்கு மட்டும்தான். மற்றப் பொடியளுக்குத் தெரிஞ்சா என்னைக் கிழிச்சுப் போடுவாங்கள்."

"சீச்சீ, ஆருக்கும் சொல்ல மாட்டன் அண்ணை."

அணியில் தான் ஒருவன்தான் கூலிக்காரன் என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டான்.

வெளியே, காரில் காத்திருந்தாள் மனைவி சரோஜாதேவி.

"இவனும் வாங்கிட்டானே?"

"ஓம்."

"இவனோட பதினொரு பேரும் சரி. ஒருத்தனாவது வேண்டாம் எண்டு சொன்னவனே? பிரிட்ஜ் வாங்க வச்ச காசு!"

"கோவிக்காதையும். சண்டையால ஊரில மட்ச் நிண்டு போச்சு. இஞ்சையும் நிண்டா என்னால தாங்கேலாது." அவர் காரில் ஏறி உட்கார்ந்தார்.

அவள் கோபம் தணிந்தது. "சரி, முடிஞ்சுதுதானே. காரை வீட்டுக்கு விடுங்கோ."

தியாகலிங்கம் காரை வீட்டுப் பக்கம் விடாமல் லின்ஃபீல்ட் பக்கம் திருப்பினார்.

"பொறும். மற்றக் காலேஜ் பொடியள் பதினொரு பேருக்கும் இனித்தான் குடுக்கோணும். போன வருசம் மாதிரி அவையளுக்கும் குடுக்காட்டி, நாங்கள் ஆரோடையப்பா விளையாடுறது?"