அலுமாரி பொருத்திய கூலி

"ரெண்டாயிரம் ரூவா" என்றார் அலுமாரி பொருத்த வந்த சாலிஹ்.

மாப்பிள்ளை வீட்டுக் கூடத்தில் நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ரபாயேலுக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. காலையில் மாத்தளை டவுனில் லொறி ஏறும்போது பேசிய கூலி ஐந்நூறு.

"நானா, நம்ம பேசினது..."

"பேசினது காலைல. சாமானைப் பிரிச்சிப் பார்த்தது இப்பதானே அண்ணே" என்று சாலிஹ் திருப்புளியைத் துடைத்துப் பைக்குள் போட்டார்.

விடிந்தால் வஹகோட்டைக் கோயிலில் ரபாயேலின் மகள் அஞ்சலாவுக்குக் கல்யாணம். பெண்ணுக்குக் கொடுக்கிற சாமான் முதல் நாளே மாப்பிள்ளை வீட்டுக்கு வந்துவிட வேண்டும். அதைப் பொருத்தி நிறுத்துகிற செலவும் பெண் வீட்டாருடையது. அக்கம்பக்கத்துப் பெண்கள் அத்தனை பேரும் வந்து பார்ப்பார்கள்.

ரபாயேல் எல்கடுவைப் பக்கம் ஒரு தோட்டத்துத் தேயிலை ஸ்டோரில் காவல்காரர். அவரால் முடிந்தது, மரத்தூளை அமுக்கிச் செய்த பலகையில் மரக்கோடு போட்ட தாள் ஒட்டிய ஓர் அலுமாரியும் ஒரு கண்ணாடி மேசையும். எல்லாம் அட்டைப்பெட்டிக்குள் துண்டு துண்டாக வந்தன. வழியில் சோதனைச் சாவடியில் ஆர்மிக்காரர்கள் பெட்டியைக் கிழித்துப் பார்த்ததில் ஸ்குரூப் ஆணிப் பொட்டலம் புல்லுக்குள் சிதறிவிட்டது. சாலிஹ்தான் குந்தியிருந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார்.

கூடத்தில் பலகைகளைப் பரப்பியதுமே மாப்பிள்ளையின் தாய் லூசியா வந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்திருந்தாள்.

"என்னா சம்மந்தி, இது மரமா, பிஸ்கட்டா?"

பெண்கள் சிரித்தார்கள்.

"மழ நாள்ல ஊறிப் போயிறாதே அக்கா?" என்றாள் ஒருத்தி.

"தேத்தண்ணில தொட்டுக்கலாம்டி. என் மூத்த மருமக கொண்டுவந்தது முதிர மரத்து அலுமாரி. தூக்க நாலு பேர் வேணும். இத காத்தே தூக்கிட்டுப் போயிரும்."

ரபாயேலும் சேர்ந்து சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. நாளையிலிருந்து அஞ்சலா இந்தச் சிரிப்புக்கு நடுவில்தான் சமைக்க வேண்டும், சாப்பிட வேண்டும்.

அவரை உட்காரச் சொல்லக்கூட யாருக்கும் தோன்றவில்லை. சாலிஹ் மட்டும் எதையும் காதில் வாங்காதவர் போலக் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார். அலுமாரி எழுந்து நின்றது. கதவு சத்தமில்லாமல் மூடியது. பிறகுதான் இந்த விலை.

"இத பொருத்திப் பூட்ட ரெண்டாயிரமா?" என்று லூசியா வாயில் கை வைத்தாள். "எங்க ஊரு தச்சு பாஸ் அதுக்கு ஒரு மேசையே செஞ்சி குடுப்பாரு நானா!"

"முதிர அலுமாரின்னா நானும் முந்நூறுக்குப் பூட்டுவேன் நோனா. கீழ போட்டாலும் ஒண்ணும் ஆகாது. இது அப்படியா? ஒரு கீறல் விழுந்தா நான் தானே புதுசு வாங்கிக் குடுக்கணும். நான் எங்க போறது? சாமான்ட விலைக்குத் தக்கனதான் என் கூலி. கண்டியில ஒரு டொக்டர் வீட்டுலயும் இதே சாமான்தான் பூட்டினேன். ஒரு கத இல்லாம ரெண்டாயிரத்தி ஐந்நூறு எடுத்துத் தந்தாங்க."

"டொக்டர் வீட்டுலயா?"

"மாஷா அல்லாஹ், அந்தப் பளபளப்பப் பாருங்களேன். ஈரத்துணி படக்கூடாது. வெயில் படக்கூடாது. தட்டவே கூடாது."

இன்னொரு முறை தட்டப் போன லூசியாவின் கை பாதியில் நின்றது.

"ஏய், அதுல சாயாதடி!" பிஸ்கட்டுக்குச் சிரித்தவளை அவளே இழுத்து நிறுத்தினாள். "எட்டி நின்னு பாருங்க எல்லாரும். எங்க சின்ன மருமகட சாமான்."

உள்ளேயிருந்து ஒரு கதிரை வந்தது. பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி வந்தது.

"உக்காருங்க சம்மந்தி. இவ்வளவு பெறுமதியான சாமான்னு ஒரு வார்த்த சொல்லலையே நீங்க?"

ரபாயேல் கோப்பையைக் கீழே வைத்தார். கூலிக்கு எடுத்து வைத்தது போக அவர் சட்டைப் பையில் இருந்தது வேன் காசு. அஞ்சலாவைக் கல்யாணச் சேலையோடு தோட்டத்திலிருந்து கோயிலுக்குக் கூட்டிவரப் பேசிய வேன். லொறியில் வரும்போது அந்த வேனைப் பற்றித்தான் சாலிஹிடம் சொல்லிச் சொல்லிச் சந்தோஷப்பட்டிருந்தார்.

இப்போது பேரம் பேசினால் இந்தக் கதிரை என்ன ஆகும்? எல்லாக் கண்களும் அவர் மீதுதான் இருந்தன.

எடுத்துக் கொடுத்தார். சாலிஹ் விரலை நனைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி எண்ணி, மடித்து வைத்துக்கொண்டார்.

"கல்யாண வீடுன்னா இவனுகளுக்கு வேட்டதான்" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

இரண்டு பேரும் பஸ் பிடிக்க நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் ரபாயேலுக்குத் தாங்கவில்லை.

"எம்புள்ள நாளைக்குக் கல்யாணச் சீலையோட பஸ்ல தொங்கிக்கிட்டு வரணும். தெரிஞ்சிக்கிட்டே செஞ்சிட்டீங்களே நானா. ஒங்களுக்குப் பொம்பளப் புள்ள இல்லையா?"

"மூணு பேர்."

சாலிஹ் திரும்பிப் பார்த்தார். வளைவில் லூசியாவின் வீடு மறைந்திருந்தது. மடித்த காசை எடுத்தார். பேசிய கூலியை மட்டும் உருவிக்கொண்டு, மிச்சத்தை ரபாயேலின் சட்டைப் பைக்குள் திணித்தார்.

"வேனுக்குச் சொல்லிருங்க அண்ணே. என் மூத்தவட சாமான் மாப்பிள்ளை வீட்டுக்குப் போன அன்னிக்கு, இப்படி ஒரு விலை சொல்ல அங்க ஆள் இல்லாமப் போச்சி."